ஒரு விநாடி எடையின்மைக்கு ஒரு பெட்டி

ஜெர்மனியின் பிரேமன் கோபுரத்தில், வெற்றிடக் குழாய்க்குள் 110 மீற்றர் விழும் பெட்டிக்கு 4.74 விநாடி எடையின்மை கிடைக்கிறது. கிளிநொச்சியில் நமக்கு வாய்த்தது வளவில் நிற்கும் தண்ணீர்த் தாங்கி. 5 மீற்றர் உயரம்; ஒரு விநாடி. எடையின்றித் தண்ணீர் எப்படி வடிவம் மாறுகிறது என்று விழும் பெட்டிக்குள் படம்பிடிக்க அது போதும், தண்ணீர்ப் பாத்திரத்தைச் சிறியதாக வைத்துக்கொண்டால்.

எடை நீங்கியதும் தண்ணீர் புது வடிவத்துக்கு வர நேரம் வேண்டும். பாத்திர ஆரத்தின் மும்மடியை நீரின் அடர்த்தியால் பெருக்கி, மேற்பரப்பு இழுவையால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 1 சென்ரிமீற்றர் ஆரத்துக்கு ஏறத்தாழ 0.12 விநாடி, 3 சென்ரிமீற்றருக்கு 0.6. முழுதாக அடங்க இதைப்போல் சில மடங்கு ஆகும். ஜாம் போத்தலில் தண்ணீர் அடங்கும் முன்பே பெட்டி தரையில் இருக்கும். பலர் உயரத்தைக் கூட்டத்தான் பார்க்கிறார்கள். பாத்திரத்தைக் குறைப்பது மலிவு.

நான்கு நுணுக்குக்காட்டி வழுக்கிகளைச் சிலிக்கன் பசையால் சதுரக் குழாயாக ஒட்டுங்கள். அடியையும் மூடியையும் மறக்கக் கூடாது. சதுர மூலையில் தொடுகைக் கோணம், அதாவது நீரின் விளிம்பு சுவரோடு ஆக்கும் கோணம், 45 பாகைக்குக் குறைந்தால் நீர் மூலை வழியே மேலேறும். சுத்தமான கண்ணாடியில் ஏறும்; அக்ரிலிக்கில் ஏறாது. சவர்க்காரம் போட்டு நன்றாக அலசியபின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. தேங்காய் எண்ணெய் தடவிய தலையைக் கோதிவிட்டு வழுக்கியைத் தொடும் பிள்ளைகளிடம் இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

காற்றுத் தடைக்குப் பரிகாரம், பெட்டிக்குள் பெட்டி. பாத்திரம், எல்.ஈ.டி. விளக்கு, விநாடிக்கு 240 சட்டகம் எடுக்கும் கைத்தொலைபேசி மூன்றும் உட்பெட்டியில். வெளிப்பெட்டிதான் காற்றை வாங்கிக்கொள்ளும். அதனால் சற்றுப் பின்தங்கும். 30 சென்ரிமீற்றர் சதுர அடியும் 5 கிலோ எடையும் உள்ள வெளிப்பெட்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் பின்தங்கும் என்று கணக்கு வருகிறது. அந்த இடைவெளியை உட்பெட்டிக்குக் கீழே விடவேண்டும். அடியில் இரும்புத் தகடு வைத்து 10 கிலோ ஆக்கினால் பாதி இடைவெளி போதும், பெட்டியும் கவிழாது.

இரு பெட்டிகளுக்கும் தனித்தனிக் கண்ணி. உட்பெட்டியின் கண்ணி மூடித் துளை வழியே மேலே வரட்டும். சுட்டு அறுக்கப்போகும் ஒரே எரிநூலை இரண்டு கண்ணிகளுக்குள்ளும் கோர்த்துத் தொங்கவிடுங்கள். தங்கூசி வேண்டாம், சூட்டில் இளகி நீளும். பருத்திக் கயிறு சுத்தமாக அறும். சோளகக் காற்றில் தீக்குச்சி நிற்காது என்பதால், பழைய மின்னடுப்புச் சுருளில் இருபதில் ஒரு பங்கை வெட்டி 12 வோல்ற் மோட்டார் சைக்கிள் பற்றரியில் இணையுங்கள். செக்கச் சிவந்து நூலை அறுத்துவிடும்.

பெட்டி மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கும். அரிசி ஆலை உமியை அரை மீற்றருக்கு மேல் குவியுங்கள். முதல் முறை கைத்தொலைபேசிக்குப் பதில் அதே எடையில் ஓர் ஓட்டுத்துண்டை வையுங்கள். கீழே யாரும் நிற்கக் கூடாது.

காணொளியில் நீர் ஒரே சுவருக்கு ஒதுங்கினால் பெட்டி சுழன்றிருக்கிறது; கண்ணியை எடைமையத்துக்கு நேராக நகர்த்துங்கள். ஏறிய நீர் நடுவழியில் சட்டென்று இறங்கினால் உட்பெட்டி அடியைத் தொட்டுவிட்டது, இடைவெளியைக் கூட்டுங்கள்.