திட ராக்கெட் மோட்டார்: அறை அழுத்தத்தைக் கணினியில் கணிப்பது

உந்துபொருள் எரிவதை மாதிரியாக்க, எடுத்த எடுப்பிலேயே முப்பரிமாணப் பாய்ம மென்பொருளுக்குப் போக வேண்டாம். அறை முழுதும் ஒரே அழுத்தம் என்று வைத்துக்கொண்டு பைத்தானில் ஐம்பது வரி எழுதினாலே பெரிய தவறுகள் பலவும் தெரிந்துவிடும்.

முதலில் எரிபரப்பு. வெளிவிட்டம் 80 மிமீ, துளை 30, நீளம் 135 கொண்ட உருளை கிரெயினை (வார்த்தெடுத்த உந்துபொருள் கட்டியை) எடுத்துக்கொள்ளுங்கள். துளையும் இரு முனைகளும் எரியும், வெளிச்சுவர் எரியாது. தொடக்கத்தில் பரப்பு 213.6 சதுர செமீ. எரியும் ஒவ்வொரு முகத்திலும் 12.5 மிமீ எரிந்ததும் 243. 25 மிமீயில், அதாவது முடியும்போது, மறுபடி 213.6. நிரல் இந்த மூன்றையும் தராவிட்டால் மேலே போகாதீர்கள்.

அடுத்து, எரிபரப்பு எவ்வளவு வேகமாகப் பின்வாங்கும் என்று சொல்லும் வியேலின் விதி: எரிவீதம் = குணகம் × அழுத்தம்^அடுக்கு. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். குணகம் மெகாபாஸ்கலுக்குத் தரப்பட்டிருக்க, பாஸ்கலில் அழுத்தத்தைக் கொடுத்தால், அடுக்கு 0.35 என்றாலும் எரிவீதம் 126 மடங்காகும். அடுக்கை எங்கிருந்தோ எடுத்துப் போடுவதும் ஆபத்து. எரிபரப்பு 10% கூடினால், அடுக்கு 0.35-இல் நிலையழுத்தம் (அழுத்தம் போய் நிலைகொள்ளும் மதிப்பு) 16% ஏறும், 0.7-இல் 37%. அடுக்கு 1-ஐத் தொட்டால் நிலையான சமநிலையே கிடையாது.

இனி நிறைச் சமன்பாடு. உருவாகும் வாயுவிலிருந்து, எரிந்து காலியான இடத்தை நிரப்பும் வாயுவையும் நாசில் (வாயு வெளியேறும் குழல்) வழியே போவதையும் கழியுங்கள். நாசிலில் போவது, அழுத்தம் × தொண்டைப் பரப்பு ÷ சி-ஸ்டார். தொண்டை என்பது நாசிலின் மிகக் குறுகிய இடம்; சி-ஸ்டார் என்பது உந்துபொருளுக்கே உரிய, வேகத்தின் அலகில் வரும் ஓர் எண். மீதியை அந்த வாயுவுக்கே உரிய வாயு மாறிலியாலும் சுடர் வெப்பநிலையாலும் பெருக்கி, அறையின் காலிக் கனஅளவால் வகுத்தால் அழுத்தம் மாறும் வேகம் கிடைக்கும்.

நேரப்படிகளின் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். 11.7 மிமீ தொண்டை, 1500 மீ/வி சி-ஸ்டார் என்றால், இந்த அறையின் தொடக்க நிரம்பு நேரம் (அழுத்தம் மாற்றத்துக்கு ஈடுகொடுக்க எடுக்கும் நேரம்) ஏறக்குறைய 1.4 மில்லிவினாடி. இப்போதைய வேகத்தையே அடுத்த படி வரை நீட்டும் எளிய ஆய்லர் முறையில் 5 மில்லிவினாடிப் படி வைத்தால் அழுத்தம் மேலும் கீழும் துள்ளி எதிர்மறைக்கே போகலாம். எதிர்மறை எண்ணுக்குப் பின்ன அடுக்கு போட்டதும் நிரல் குழம்பும். 0.1 மில்லிவினாடி போதும். படியைப் பாதியாக்கியும் வரைகோடு மாறக் கூடாது. வெளியேறிய வாயுவும் அறையில் மிஞ்சியதும் சேர்ந்து 583 கன செமீ உந்துபொருளின் நிறையையும் தொடக்கத்தில் அறையில் இருந்த வாயுவையும் கூட்டியதற்குச் சமமாக வேண்டும்.

சோதனை வரைகோடு தொடக்கத்தில் மட்டும் கணிப்பைவிட உயர்ந்தால் அரிப்பு எரிதலை (துளையில் வேகமாகப் பாயும் வாயு எரிவீதத்தைக் கூட்டுவதை) சந்தேகியுங்கள். பின்பாதியில் தாழ்ந்தால் தொண்டை தேய்ந்திருக்கலாம். சுட்டபின் விட்டத்தை அளந்து பாருங்கள். குணகத்தை மட்டும் திருகி இரண்டையும் பொருத்தினால், அடுத்த கிரெயினுக்கு அந்தக் கணினி மாதிரி உதவாது.