பாங்காக்கில் முதல் நாள்: ஆற்றிலிருந்து தொடங்குங்கள்

பாங்காக்குக்கு நான் முதல் தடவை போனது வேலை விஷயமாக. மாலை ஐந்தரைக்கு விமான நிலையத்தில் டாக்ஸி ஏறி, விடுதிக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேம்பாலத்துக்கு மேல் மேம்பாலம், கண்ணுக்கு எட்டிய வரை வண்டிகளின் சிவப்பு விளக்குகள். நான்கு நாள் இருந்தும் அந்த ஊர் மனதில் ஒட்டவே இல்லை. இரண்டாம் தடவை, கோயம்புத்தூரிலிருந்து என் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு 66 வயது, முட்டைகூடச் சாப்பிடாதவர். இந்த முறை சாலையை விட்டுவிட்டு ஆற்று வழியாக ஊரைப் பார்த்தோம். முதன்முதலாகப் போகிறவர்களுக்கு அந்த ஒரு நாளை அப்படியே சொல்கிறேன்.

கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. 2025 மே 1 முதல், தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளத்தைப் பார்த்தால் உடனே மூடிவிடுங்கள், அது அரசுத் தளம் அல்ல.

அறையை சபான் தாக்சின் அல்லது சுரசக் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எடுங்கள். இதுதான் நான் சொல்வதில் முக்கியமானது. சபான் தாக்சின் நிலையத்திலிருந்து படியிறங்கினால் சாத்தோன் படகுத்துறை. ரயிலும் ஆறும் கைகோக்கும் இடம் அது.

சென்னையிலிருந்து நள்ளிரவில் கிளம்பும் விமானம் விடியற்காலையில் பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கும். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். பெட்டியை எடுத்ததும் டாக்ஸி வரிசைக்குப் போகாமல் அடித்தளத்துக்கு இறங்குங்கள். பணம் மாற்றும் கடைகள் அங்கேயும் உண்டு, மேலே இருப்பவற்றைவிட நல்ல விலை தருவார்கள். ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு (பாட் என்பது தாய்லாந்துப் பணம்) மேல் பிடித்துக்கொள்வார்கள். விமான நிலைய ரயிலில் கடைசி நிலையமான பயா தாய் வரை அரை மணி நேரம், நாங்கள் போனபோது 45 பாட். அங்கே மேலே ஓடும் பிடிஎஸ் ரயிலுக்கு மாறி, சயாம் நிலையத்தில் இன்னொரு தடவை மாறினால் சபான் தாக்சின். விடுதியில் பெட்டியை மட்டும் வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு எட்டு மணிக்கெல்லாம் துறைக்கு வந்துவிடுங்கள்.

துறையில் உங்களைப் பார்த்ததும் சுற்றுலாப் படகுக்குக் கூப்பிடுவார்கள். நீங்கள் தேட வேண்டியது ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு. ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிற படகு அது. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், எங்களுக்கு 16 பாட். படகு துறையைத் தொட்ட கையோடு கிளம்பிவிடும், அதனால் இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு உடனே ஏறிவிட வேண்டும். பின்பக்கம் நிற்கும் ஆள் விசில் அடித்தே படகோட்டிக்கு வழி சொல்கிறார். நெருங்க ஒரு விசில், நிறுத்த ஒரு விசில், கிளம்ப ஒரு விசில். "ஏங்கண்ணு, நம்ம டவுன் பஸ்ஸு மாதிரியே இருக்குதே" என்றார் அம்மா. பெண் கண்டக்டர் நீளமான ஒரு தகரக் குழாயை வைத்துக்கொண்டு, படக் படக்கென்று மூடியைத் தட்டியபடி வருவார். சில்லறையும் சீட்டும் அதற்குள்தான். பின்பக்கத்தில் பிட்சுகளுக்கென்று இடம் உண்டு. பெண்கள் அவர்கள் மேல் படாமல் தள்ளி நிற்க வேண்டும்.

சாவ் பிரயா ஆறு பழுப்பாக, கனமாக ஓடும். அகலமான சரக்குப் படகுகளை நான்கைந்தாகச் சேர்த்துக் கட்டி, சின்ன விசைப்படகு ஒன்று இழுத்துக்கொண்டு போகும். கரையில் கண்ணாடிக் கோபுர விடுதி, அதை ஒட்டியே தூண்களின் மேல் நிற்கும் பழைய மரவீடு. அடுத்து ஒரு கோயில், பள்ளிவாசல், தேவாலயம். சாலையில் நெரிசலாகத் தெரிந்த ஊர், ஆற்றிலிருந்து பார்க்கும்போது ஒழுங்காக விரிகிறது. மன்னர் முதலாம் ராமா 1782இல் இந்தக் கரையில் ஏன் தலைநகரை அமைத்தார் என்பது படகில் உட்கார்ந்தால்தான் புரியும்.

தா தியன் துறையில் இறங்குங்கள். அங்கிருந்து அக்கரைக்குச் சின்னப் படகு, 5 பாட். அக்கரையில் வாட் அருண், அருணனின் பெயர் கொண்ட கோயில். தூரத்தில் சாம்பல் நிறமாகத் தெரியும் கோபுரம், கிட்டே போனால் முழுக்க உடைந்த சீனப் பீங்கான் துண்டுகளும் சிப்பிகளும் பதித்த பூ வேலை. படிகள் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம். அம்மா கீழேயே நின்று, மேலே மாடத்தில் ஐராவதத்தில் அமர்ந்த இந்திரனைக் கண்டுபிடித்து எனக்குக் காட்டினார்.

திரும்ப இக்கரைக்கு வந்தால் வாட் போ கோயில் நடக்கும் தூரம். 46 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் படுத்திருக்கிறார். பாதங்களில் முத்துச்சிப்பியால் 108 சின்னங்கள். சுவரோரம் வரிசையாக 108 கிண்ணங்கள் வைத்திருப்பார்கள். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடங்கள். அந்த மண்டபம் முழுவதும் கேட்கும் காசுச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பக்கத்திலேயே இருக்கும் அரண்மனையை முதல் நாளே பார்க்க முயலாதீர்கள். அதற்கு அரை நாளாவது வேண்டும், நுழைவுக் கட்டணமும் 500 பாட். ஆனால் அதன் மதிலோரம் நடக்கும்போது, நல்ல உடை உடுத்திய ஒருவர் சிரித்தபடி வந்து, "இன்று விடுமுறை, 20 பாட்டுக்கு ஆட்டோவில் வேறு கோயில்கள் காட்டுகிறேன்" என்பார். எங்களிடமும் ஒருவர் வந்தார். அந்த ஆட்டோ கடைசியில் போய் நிற்பது நகைக்கல் கடையில். பதில் சொல்லாமல் வாசல் வரை நடந்து போய் நீங்களே பாருங்கள், பெரும்பாலும் திறந்திருக்கும்.

அப்புறம் சாப்பாடு. சைவர்களுக்கு இதுதான் பெரிய கவலை. ஏனென்றால் காய் மட்டும் போட்ட பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தைத் தேடுங்கள், சட்டென்று பார்த்தால் 17 என்று எழுதியதுபோல இருக்கும். அதை "ஜே" என்று படிப்பார்கள். அந்தக் கொடி தொங்கும் கடையில் மீன் சாறு, முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. "கின் ஜே" என்றாலே புரிந்துகொள்வார்கள். "மங்சவிரட்" என்ற சொல்லும் உண்டு, மாம்சமும், விலகுதல் என்று பொருள்படும் விரதியும் சேர்ந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் முட்டை வரலாம். மாம்பழக் காலத்தில் போனால் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டும் அரிசியோடு மாம்பழம் தருவார்கள். அம்மா மூன்று நாளும் அதைக் கேட்டு வாங்கினார்.

வெயில் ஏறியதும் அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். மாலையில் ரயில் நிலையத்தில் இருந்தால் ஆறு மணிக்கு நாட்டுப்பண் ஒலிக்கும். ஓடிக்கொண்டிருந்த எல்லோரும் அப்படியே நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள்.

சுரசக் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் சீலோம் சாலையில் மகா மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. ஊர்க்காரர்கள் இதை "வாட் கேக்" என்பார்கள், கேக் என்றால் விருந்தாளி. உள்ளே படம் எடுக்கக் கூடாது. இரவு 8 மணிக்குச் சாத்திவிடுவார்கள் என்பதால் ஏழுக்குள் போய்விடுங்கள். நாங்கள் போனபோது அலுவலக உடையோடு தாய்லாந்துப் பெண்கள் தேங்காய், வாழைப்பழம், சாமந்தி மாலை அடுக்கிய தட்டுடன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் நகர்ந்து அம்மாவுக்கு இடம் விட்டார். இருவரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள்.