இணைய வானொலியில் நேரலைக்கு உட்காரும் முன்

பாட்டை வரிசையாக ஓட்டுவதற்கு ஆளே வேண்டாம். மிக்ஸ் (Mixxx) என்ற இலவச மென்பொருளில் ஆட்டோ டிஜேயைத் தட்டிவிட்டால் விடிய விடிய அதுவே ஓட்டும். அப்புறம் தொகுப்பாளர் என்று நம்மை எதற்கு உட்கார வைக்கிறார்கள்? இரண்டு பாட்டுக்கு நடுவில் இருக்கும் அந்த இருபது, முப்பது நொடிக்குத்தான்.

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும், பரவாயில்லை. மைக்குக்கும் வாய்க்கும் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும், கொஞ்சம் சாய்வாக வைத்துக்கொண்டால் 'ப' வரும்போதெல்லாம் டொப் டொப்பென்று அடிக்காது. ஹெட்போன் கட்டாயம். நம் ஒலியை வாங்கி நேயர்களுக்கு அனுப்பும் ஐஸ்காஸ்ட் சர்வரோடு இணைக்கும் வசதி மிக்ஸிலேயே இருக்கிறது. நிலையத்தார் தரும் முகவரி, போர்ட் (பெரும்பாலும் 8000), மவுன்ட் பெயர் (சர்வரில் நம் ஒலியோடைக்கான பெயர்), கடவுச்சொல் இவற்றைப் போட்டால் போதும். ஒலித் தரம் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) போதும். அதற்கே ஒரு நேயருக்கு மணிக்கு 58 எம்பி அளவுக்குப் போகும், நூறு பேர் கேட்டால் 6 ஜிபியை நெருங்கிவிடும், அதனால் சர்வர் வாடகை கட்டுகிறவரைக் கேட்காமல் 320க்கு ஏற்றிவிடாதீர்கள்.

இனிதான் உண்மையான வேலை. ஒவ்வொரு பாட்டிலும் குரல் தொடங்குவதற்கு முன் தொடக்க இசை எத்தனை நொடி என்று கேட்டு ஒரு தாளில் குறித்து வையுங்கள். 14 நொடி இருந்தால் 11 நொடிக்குள் பேசி முடிக்க வேண்டும்; பாடகர் வாயைத் திறக்கும்போது நாம் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே அறிவிப்பாளர்களாக இருந்தவர்களில் கே. எஸ். ராஜாவின் வேகம் ஒரு ரகம், பி. எச். அப்துல் ஹமீதின் நிதானம் இன்னொரு ரகம். இரண்டையும் கேளுங்கள், ஆனால் அவர்கள் குரலில் பேசிப் பார்க்காதீர்கள், முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். பாடலாசிரியர் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள், இப்போது பலர் அதைத்தான் முதலில் விழுங்குகிறார்கள்.

நீங்கள் பேசுவது நேயர் காதுக்குப் போக பத்து, இருபது நொடி, சில நேரம் அதற்கு மேலும் ஆகும். இது தெரியாமல் என் முதல் நிகழ்ச்சியில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் ஒருவரும் எழுதவில்லையே என்று பதறி, பதிலையும் நானே சொல்லி முடித்த பிறகு பொலபொலவென்று சரியான விடைகள் வந்து விழுந்தன. கேள்வி கேட்டால் ஒரு பாட்டைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். தொலைபேசியில் வருபவரிடம் வானொலிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் தன் குரலே திரும்பக் கேட்டு அவர் குழம்பிப்போவார். வாழ்த்துப் பெயர்களைப் பள்ளி வருகைப் பதிவேடு மாதிரி வாசிக்காமல், இரண்டு பேரிடமாவது ஒரு வார்த்தை பேசுங்கள்.

நேரமும் கவனம். சென்னையில் இரவு 8 மணி என்றால், கோடையில் லண்டனில் மாலை 3.30, டொரன்டோவில் காலை 10.30, சிங்கப்பூரில் இரவு 10.30. 'இனிய இரவு வணக்கம்' என்று ஆரம்பித்தால் டொரன்டோக்காரர் காபியோடு சிரிப்பார். வெறும் வணக்கம் போதும்.

உரிமம் பற்றி நிலையத்தாரிடம் தயங்காமல் கேளுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பாட்டு, கேட்பதற்குத்தான், ஒலிபரப்ப அல்ல. இந்தியாவில் பாடல் வரிக்கும் மெட்டுக்கும் ஐபிஆர்எஸ் என்ற உரிம அமைப்பு, ஒலிப்பதிவுக்கு பிபிஎல் என்ற அமைப்பு அல்லது அந்தந்த இசை நிறுவனம் என்று தனித்தனியாகப் போக வேண்டும். உரிமையாளரிடம் தனியே அனுமதி வாங்காமல், நிர்ணயித்த கட்டணம் கட்டிப் பாட்டை ஒலிபரப்பலாம் என்று வழக்கமான வானொலிக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு தரும் சலுகை இணையத்துக்குப் பொருந்தாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. அதே நிகழ்ச்சியை யூடியூபிலும் விட்டால் உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் அதன் கன்டென்ட் ஐடி பிடித்துவிடும்.

நெட் போனால் தானாக வேறு பாட்டுகளுக்கு மாறுகிற ஃபால்பேக் மவுன்ட் இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். முடிக்கும்போது கடைசிப் பாட்டை ஓடவிட்டு, மைக் அணைந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். 'தோசை ஊற்றவா, வேண்டாமா?' என்ற கேள்வி எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து மூன்று நாட்டுக்குப் போயிருக்கிறது. வேண்டும் என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் பதிலும் அனுப்பினார்.