பெடல் பஞ்சு போல இறங்கினால்: பிரேக் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரேக் வேலை பழகுபவர்கள் எல்லோரும் வரிசையாக ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். ஆயில் அளவு பார்க்காதது, கண்ணெதிரே ஒழுகுவதைக் கவனிக்காதது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை சொல்லாமலே தெரியும். ஓரளவு கை பழகியவர்களையும் ஏமாற்றும் தவறுகள் வேறு.

மூன்று கோளாறுக்கும் ஒரே பெயர் வைப்பது

"பெடல் சாஃப்ட்டா இருக்கு" என்று வண்டிக்காரர் சொன்னால் அதற்கு மூன்று அர்த்தம் உண்டு. எது என்பதைக் கால்தான் சொல்லும்.

மிதித்தால் ஸ்பிரிங் போல அமுங்கி, எத்தனை முறை மிதித்தாலும் கல் போலக் கெட்டிப்படாவிட்டால் லைனில் (ஆயில் போகும் பைப்பில்) காற்று இருக்கிறது; இல்லையென்றால் ரப்பர் ஹோஸ் உப்புகிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாம் மூன்றாம் மிதியில் மேலே ஏறிக் கல் போல நின்றால் முதலில் பின் டிரம்மைப் பாருங்கள். உள்ளிருந்து உரசி நிறுத்தும் ஷூவுக்கும் சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கும். வீல் பேரிங் ஆட்டமோ டிஸ்க் கோணலோ, டிஸ்க்கை அழுத்தும் பேடைப் பின்னுக்குத் தள்ளினாலும் இதேபோல் வரும். எஞ்சின் ஓடும்போது ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்க, பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால் எங்கோ கசிகிறது. வெளியே ஈரமே இல்லையென்றால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடல் மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்பும் பகுதி) ரப்பர் கப் விட்டுவிட்டது.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் நொடியில் பெடல் கொஞ்சம் இறங்குவது கோளாறே இல்லை. மிதிக்கும் காலுக்கு உதவும் பூஸ்டர் வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

காலிப்பரை இடம் வலம் மாற்றிப் பூட்டுவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தரும் தவறு இது. குனிந்து ஒரு முறை பார்த்திருந்தால் போதும்.

காலிப்பர் என்பது பேடுகளை வைத்து டிஸ்க்கைக் கவ்வும் பகுதி. பல வண்டிகளில் இடது காலிப்பர் வலது பக்கத்திலும் அப்படியே உட்காரும். போல்ட் துளை பொருந்தும், ஹோஸும் எட்டிவிடும். மாறிப்போவது ஒன்றுதான்: உச்சியில் இருக்க வேண்டிய பிளீடர் நிப்பிள் (காற்றை வெளியேற்றத் திறக்கும் திருகு) அடியில் போய்விடும். காற்று எப்போதும் ஆயிலுக்கு மேலேதான் தேங்கும். அடியில் இருக்கும் நிப்பிளைத் திறந்தால் தெளிந்த ஆயில் மட்டும் வரும். ட்யூபில் ஒரு குமிழி இருக்காது. "ஏர் சுத்தமா போயிடுச்சு" என்று மூடிவிடுவார்கள். பெடல் மட்டும் பஞ்சாகவே இருக்கும்.

அதன்பிறகுதான் நஷ்டம் ஆரம்பிக்கிறது. ஒரு லிட்டர் ஆயில் தீர்ந்து இன்னொன்று வரும். பொறுமை போய், பெடலைத் தரை வரை ஓங்கி மிதிப்பார்கள். தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் குழலின் முன்பகுதியில் மட்டும்தான் போய்வருகிறது. அந்த இடம் வழவழப்பாக இருக்கும். அதைத் தாண்டிய பகுதியில், பழைய வண்டியாக இருந்தால், துருவும் கசடும் படிந்திருக்கும். தரை வரை மிதித்தால் ரப்பர் கப்பின் விளிம்பு அதில் உரசிக் கிழிகிறது. இப்போது பெடல் மெல்ல இறங்கவும் தொடங்கும். உடனே "பாத்தியா, மாஸ்டர்தான் போயிருக்கு" என்று தீர்ப்பு வந்துவிடும். நன்றாக இருந்த மாஸ்டரைக் கெடுத்ததே அந்த மிதிதான். புது மாஸ்டர் பூட்டியும் பஞ்சு போகாது. காற்று காலிப்பர் உச்சியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

காலிப்பர் கழற்றிய வண்டி என்றால் ஸ்பானரை எடுக்கும் முன் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அடியில் இருந்தால் இரண்டு காலிப்பரையும் கழற்றிப் பக்கம் மாற்றுங்கள். ஹோஸைத் திறந்த இடத்தில் செப்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். நசுங்கிய வாஷர் கசியும். ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் கால் தரை வரை போகாது.

மாஸ்டர் மீது சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன் சோதிக்கலாம். அதிலிருந்து போகும் பைப்புகளைக் கழற்றி, அதே திரெட் உள்ள பிளக்குகளால் துளைகளை அடைத்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு மிதியுங்கள். பெடல் கொஞ்சம் போய்க் கல்லாக நின்று, இறங்காமலும் இருந்தால் மாஸ்டர் நல்லது. பைப்புகளைத் திரும்ப மாட்டி ஏர் எடுத்தபின், உருண்டை வாய் உள்ள ஹோஸ் கிளாம்பால் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். எதை இறுக்கும்போது பெடல் கெட்டிப்படுகிறதோ, கோளாறு அந்தச் சக்கரத்தில். சாதாரண வைஸ் கிரிப் வேண்டாம், ஹோஸின் உட்சுவர் வெட்டிக்கொள்ளும்.

நிப்பிளை மூடும் முன் பெடலிலிருந்து காலை எடுப்பது

வெளியேற்றிய காற்று அதே வழியில் உள்ளே வரும்.

"ஆயில்" என்ற பெயரை நம்புவது

பிரேக் ஆயில் என்று கூப்பிட்டாலும் அது பெட்ரோலிய எண்ணெய் இல்லை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. எஞ்சின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ கொஞ்சம் கலந்தாலும் ரப்பர்கள் ஊதிப் பெருத்துவிடும். அதன்பின் கப், சீல், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றி, இரும்புப் பைப்புகளையும் கழுவியாக வேண்டும். டாட் 5 மட்டும் சிலிகோன், 5.1 என்று நினைத்து அதை ஊற்றிவிடாதீர்கள்.

திறந்து கிடந்த பாட்டில்

ஈரம் இழுத்திருக்கும். ஊற்றாதீர்கள்.

ஏபிஎஸ் வண்டியில் ஆயில் டப்பாவை வறள விடுவது

டப்பா காலியானால் காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ளும் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பகுதி) போகலாம். அங்கே மூடியிருக்கும் வால்வுகளுக்குப் பின்னால் அது மாட்டிக்கொண்டால் நான்கு சக்கரத்திலும் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் வராது. வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேன் டூலை மாட்டி வால்வுகளையும் பம்ப்பையும் இயக்கிக்கொண்டே ஏர் எடுக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரத்திலும் ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவை எட்டிப் பார்த்து நிரப்பிக்கொண்டே போனால் அந்த நிலைமையே வராது.