பல் விழும் வயதில் குழையப் பிசையாதீர்கள்
ஆறு வயதில் முன்பல் ஆடத் தொடங்கியதும் வீட்டில் நடக்கும் முதல் காரியம், சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டுவது. இரண்டு நாள் என்றால் சரி. அதுவே பழகிவிட்டால் கன்னத்துத் தசைக்கு வேலையே இருக்காது. தாடையின் அளவு பெரும்பாலும் பரம்பரையாக வருவதுதான். ஆனாலும் மெல்லும்போது விழும் அழுத்தம் எலும்பு வளரத் துணை செய்கிறது.

முன்பல் ஆடினால் கடிப்பதற்குத்தான் சிரமம், கடைவாய்க்கு ஒன்றுமில்லை. கொய்யாவைக் கீற்றாக நறுக்கிக் கொடுங்கள். சுண்டல், சப்பாத்தி, அவித்த பனங்கிழங்கு எல்லாம் நல்ல வேலை வாங்கும். (கரும்பு, பல் உறுதியான பிறகு!)

சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து கவனியுங்கள். எப்போதும் ஒரே பக்கமாக மெல்கிறதா பிள்ளை? மறுபக்கம் சொத்தை இருக்கலாம். "விழப்போற பால்பல்தானே" என்று விடுவதுதான் எனக்குப் பிடிக்காத பேச்சு. பால் கடைவாய்ப்பல் 10 முதல் 12 வயதுவரை நிற்க வேண்டியது. முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் சரிந்து, அடியில் காத்திருக்கும் பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

அதேபோல், 6 வயதையொட்டி பால்பற்களுக்குப் பின்னால், எதுவும் விழாமலே ஒரு பெரிய பல் முளைக்கும். அது நிரந்தரப் பல், போனால் மறுபடி வராது. பிரஷ் அந்தக் கடைசிவரை போகிறதா என்று இன்று ராத்திரியே டார்ச் அடித்துப் பாருங்கள்.