சாலையோரத்தில் கடை போட விற்பனைச் சான்றிதழ் பெறுவது எப்படி?

புதிதாகச் சாலையோர வியாபாரத்தில் இறங்குபவர்கள் பெரும்பாலும் தள்ளுவண்டியைத்தான் முதலில் வாங்குகிறார்கள். இடத்தைப் பற்றிய விசாரணை அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த வரிசையை மாற்றுங்கள். இந்தியாவில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எதுவானாலும் சாலையோர வியாபாரத்தை 2014 மே 1 முதல் நடைமுறையில் உள்ள சாலையோர வியாபாரிகள் சட்டத்தின்படிதான் ஒழுங்குபடுத்த வேண்டும். ரயில்வேக்குச் சொந்தமான இடங்களுக்கும் ரயில்களுக்கும் மட்டும் அது பொருந்தாது.

படி 1: தெருவை விசாரியுங்கள். தடையற்ற பகுதி, கட்டுப்பாடுள்ள பகுதி, விற்பனை கூடாத பகுதி என உள்ளாட்சி அமைப்பு இடங்களை மூன்றாகப் பிரிக்கிறது. நீங்கள் மனதில் வைத்திருக்கும் தெரு எதில் வருகிறது என்று அலுவலகத்தில் கேளுங்கள். பக்கத்தில் நாலு பேர் கடை போட்டிருப்பதை அனுமதி என்று எண்ணிவிடாதீர்கள்.

படி 2: சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் பெயரைச் சேருங்கள். இதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். சாலையோர வியாபாரத்தைக் கவனிக்கும் உள்ளூர்க் குழுவான நகர விற்பனைக் குழுவின் துணையோடு ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுப்பு நடக்க வேண்டும். அது முடிந்து அனைவருக்கும், கடை போட அனுமதி தரும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை வியாபாரிகளை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது சட்டம். கணக்கெடுக்க வரும் நாளில் கடையை விட்டு நகராதீர்கள். பெயர் விடுபட்டிருந்தால் குழுவுக்கு மனு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை நகலில் வாங்குங்கள்.

புதியவர்கள் இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட காலத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இடம் இருக்க வேண்டும். வார்டு, மண்டலம் அல்லது நகரத்தின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் என்பதே வியாபாரிகளின் எண்ணிக்கைக்கு உச்ச அளவு. இடத்தைவிட ஆட்கள் அதிகமானால் குலுக்கல் நடக்கும்.

படி 3: உறுதிமொழியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வேறு பிழைப்பு இல்லை, நானோ என் குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்வோம், சான்றிதழையோ இடத்தையோ வாடகைக்கு விட மாட்டேன் என்பவை அதன் சாரம். வாடகைக்கு விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். உண்மையில் உழைப்பவரின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. இடையில் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டிருப்பார்.

படி 4: கையில் வந்ததைச் சரிபாருங்கள். சான்றிதழும் அடையாள அட்டையும் கிடைத்ததும் பெயர், இடம், ஒரே இடத்து வியாபாரமா நடமாடும் வியாபாரமா என்பதைப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே சொல்லுங்கள். பிறகு அன்றாடக் கடமைகள்: குறித்த நேரத்தில் சரக்கை எடுப்பது, இடத்தைச் சுத்தமாக வைப்பது, கட்டணம் செலுத்தி ரசீது வாங்குவது. நிபந்தனையை மீறினால் 2,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

படி 5: அப்புறப்படுத்த வந்தால். பதற்றத்தில் வாக்குவாதம் செய்து பலர் இழப்பது இங்கேதான். இடம் மாற்றச் சொல்வதானால் 30 நாள் அறிவிப்பு தர வேண்டும். அறிவிப்பைக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள். அந்தக் கெடு முடிந்தும் நீங்கள் காலி செய்யவில்லை என்றால்தான் பறிமுதல். அப்போதும் என்னென்ன எடுத்தார்கள் என்ற பட்டியலில் அதிகாரி கையொப்பமிட்டு உங்களுக்கு ஒரு நகல் தர வேண்டும். தட்டுகளின் எண்ணிக்கை, தராசு, குடை உட்பட எல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். உரிய கட்டணம் செலுத்திக் கேட்டால் காய், பழம் போன்ற அழுகும் பொருள்களை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாள்களுக்குள். பட்டியல் இல்லாமல் போனால் எதைத் திரும்பக் கேட்பீர்கள்?

குறை தீராவிட்டால், முன்னாள் சிவில் நீதிபதி அல்லது நீதித்துறை நடுவர் தலைமையிலான குறைதீர் குழுவுக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். இத்தனை நேரம் தாள்களைச் சேர்க்கச் சொன்னது அந்த நாளுக்காகத்தான்.

இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: நகர விற்பனைக் குழு உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் வியாபாரிகள்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சான்றிதழ் வாங்கப் போகும்போதே அடுத்த தேர்தல் எப்போது என்று விசாரித்துவிடுங்கள்.