கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? கடைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாத்துருங்க

போன தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி இங்க சிங்கப்பூர்ல ஈசூன்லேருந்து பெரியம்மா போன் பண்ணாங்க. "தம்பி, பெயிண்ட் அடிக்க மேசைய நகத்துனோம், அதுலேருந்து கம்ப்யூட்டர் வரவே மாட்டேங்குது, கடையில கேட்டா மதர்போர்டு போயிருக்கும், 380 வெள்ளி ஆகும்ங்குறாங்க, கட்டிரட்டுமா?" மதர்போர்டுன்னா எல்லாப் பார்ட்ஸும் சொருகியிருக்குற பெரிய பலகை. பெரியப்பா இருந்தப்ப உக்காந்து ஸ்கேன் பண்ணி வச்ச பழைய குடும்பப் படமெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு, காசை விட அந்தப் பயம்தான் அவங்க குரல்ல இருந்துச்சு. நான் போய் பக்கத்து மூடியக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தேன், பட்டையா நிக்குற மெமரி, அதாவது ரேம், ரெண்டுல ஒண்ணு ஒரு பக்கம் லேசா மேல தூக்கிக்கிட்டு நின்னுச்சு, கிளிப் விட்டுப்போச்சு, அவ்ளோதான் விஷயம். எடுத்துத் துடைச்சு மாட்டுனேன், இன்னிக்கு வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. அன்னிக்கே முடிவு பண்ணேன், இதை ஒரு தடவை முழுசா எழுதி வச்சிரணும்னு.

மொதல்ல ஒண்ணு மனசுல வச்சிக்கங்க. "ஸ்டார்ட் ஆகலை"ன்னு நாம சொல்றது ஒரே நோய் இல்ல. பட்டனை அழுத்துனா ஒண்ணுமே நடக்கலையா, ஃபேன் சுத்துது ஆனா திரை கறுப்பா இருக்கா, இல்ல லோகோ வந்துட்டு விண்டோஸ் மட்டும் வரலையா? இந்த மூணுல எதுன்னு தெரியாம எந்தப் பார்ட்ஸும் வாங்காதீங்க. எது வரைக்கும் வந்து நிக்குதோ அந்த எடத்துலேருந்துதான் தேடணும்.

ஒண்ணுமே நடக்கலைன்னா சுவத்துலேருந்து ஆரம்பிங்க. அதே பிளக் பாயிண்ட்ல டேபிள் ஃபேனைச் சொருகிப் பாருங்க, சுத்துதா? எக்ஸ்டென்ஷன்ல மாட்டியிருந்தா அதைக் கழட்டிட்டு நேரா சுவத்துல மாட்டுங்க. நம்ம ஊர் மூணு முனை பிளக்குக்குள்ள ஒரு ஃபியூஸ் இருக்கு, பெரும்பாலும் 13 ஆம்ப், அது போயிருந்தாலும் கம்ப்யூட்டர் செத்த மாதிரிதான் கிடக்கும். மானிட்டருக்குப் போற பவர் கேபிளும் கம்ப்யூட்டருக்குப் போறதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான், மாத்திப் போட்டுப் பாத்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிரும். பின்னாடி பவர் சப்ளைல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், கோடு போட்ட பக்கம் ஆன், வட்டம் போட்ட பக்கம் ஆஃப், மேசைய நகத்துறப்ப கை பட்டு அது மாறிடுறது ரொம்ப சகஜம். பழைய பவர் சப்ளைன்னா சிவப்பா இன்னொரு சுவிட்ச் 115, 230ன்னு இருக்கும், நமக்கு 230தான், அமெரிக்காவுலேருந்து யாராச்சும் கொண்டுவந்த பெட்டியா இருந்தா பிளக்கைச் சொருகறதுக்கு முன்னாடியே அதைப் பாத்துருங்க, 115ல வச்சு இங்க போட்டா பவர் சப்ளை அங்கேயே வெடிச்சு முடிஞ்சிரும்.

ஆன் பண்ணவுடனே வீட்டுல கரண்டே டிரிப் ஆகுதுன்னா திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்காதீங்க. பிளக்கைப் புடுங்கிருங்க. கம்ப்யூட்டரைப் புடுங்குனதும் டிரிப் ஆகாம இருந்துச்சுன்னா பிரச்சினை பெரும்பாலும் பவர் சப்ளை இல்லன்னா கேபிள், கம்ப்யூட்டர் இல்லாமலே டிரிப் ஆச்சுன்னா அது லைசென்ஸ் வச்சிருக்குற எலக்ட்ரீஷியன் வேலை, நாம கை வைக்கக் கூடாது.

இதுக்கும் அசையலைன்னா பிளக்கைப் புடுங்கிட்டு பவர் பட்டனை 20, 30 செகண்டு அமுக்கிப் பிடிங்க, உள்ள மிச்சம் இருக்குற கரண்டு எறங்கும், அப்புறம் மாட்டிப் பாருங்க. இடி மழை பெய்ஞ்ச மறுநாள் வராமப் போன கம்ப்யூட்டர் இப்படியே எழுந்ததை நான் பாத்துருக்கேன். மூடியத் திறந்தா மதர்போர்டுல ஒரு சின்ன லைட் எரியுதான்னு கவனிங்க, எல்லா போர்டுலயும் இருக்காது, ஆனா எரிஞ்சா சுவத்துலேருந்து அது வரைக்கும் கரண்டு வருதுன்னு அர்த்தம், அப்ப சந்தேகம் பட்டன் மேல போகணும். பட்டன்லேருந்து வர்ற மெல்லிசான ஒயர் போர்டோட ஓரத்துல ரெண்டு முனைல சொருகியிருக்கும், அதை உருவிட்டு அந்த ரெண்டு முனையை மட்டும் ஸ்க்ரூடிரைவர் நுனியால ஒரு கணம் தொட்டு விடுங்க. கம்ப்யூட்டர் எழுந்துச்சுன்னா கெட்டது வெறும் பட்டன்தான்.

பவர் சப்ளைய மட்டும் தனியா சோதிக்க பேப்பர் கிளிப் போதும். ஆனா வரிசை மாறக்கூடாது. மொதல்ல பிளக்கைப் புடுங்குங்க, போர்டுக்குப் போற பெரிய 24 முனை கனெக்டரையும் மத்த எல்லா ஒயரையும் கழட்டுங்க, அந்தக் கனெக்டர்ல பச்சை ஒயர் ஓட்டையையும் பக்கத்துல இருக்குற கறுப்பு ஒயர் ஓட்டையையும் வளைச்ச கிளிப்பால இணைங்க, கையை எடுத்துட்டு அப்புறம்தான் சுவிட்ச் போடணும். எல்லா ஒயரும் கறுப்பா இருந்தா 16ஆவது, 17ஆவது முனை எதுன்னு படம் பாத்து உறுதி பண்ணிக்கிட்டுத் தொடுங்க. ஃபேன் சுத்துனா உயிர் இருக்கு, ஆனா முழு கம்ப்யூட்டரோட லோடு தாங்குமான்னு இது சொல்லாது. சில புது மாடல்ல லோடு இல்லன்னா ஃபேன் சுத்தவே சுத்தாது, அதனால ஒரு கேஸ் ஃபேனை மட்டும் அதுல மாட்டிப் பாக்குறது நல்லது. ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்குறேன், பவர் சப்ளை பெட்டியைத் திறக்காதீங்க. உள்ள இருக்குற கெப்பாசிட்டர் பிளக்கைப் புடுங்கின பிறகும் ஆளைத் தூக்கிப் போடும்.

இப்ப ரெண்டாவது வகை, ஃபேன் சுத்துது, படம் வரலை. எங்கிட்ட வர்றதுல பாதி இதுதான். படம் காட்டுறதுக்குன்னே தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா எச்டிஎம்ஐ கேபிள் அதுலதான் மாட்டியிருக்கணும், மேல மதர்போர்டுல இருக்குற ஓட்டைல இல்ல. மானிட்டர் சரியான இன்புட்ல இருக்கான்னும் பாருங்க. அப்புறம் ரேம். இங்க இருக்குற புழுக்கத்துல ரேமோட அடியில இருக்குற தங்கநிறப் பல்லு மேல கண்ணுக்குத் தெரியாத படலம் படியும். பிளக்கைப் புடுங்கிட்டு, கையால கேஸோட இரும்புல பெயிண்ட் இல்லாத எடத்தைத் தொட்டுட்டு, ரேமை வெளிய எடுங்க, பிள்ளைங்க வச்சிருக்குற வெள்ளை ரப்பரால மெதுவா ஒரே திசைல தேச்சு, தூளை ஊதாம பிரஷ்ஷால தட்டி விடுங்க, ஊதுனா எச்சி ஈரம் படும். திரும்ப மாட்டறப்ப ரெண்டு ஓரத்தையும் கட்டை விரலால அழுத்துங்க, 'டிக்'னு சத்தம் கேக்கணும், அந்தச் சத்தம் வரலைன்னா உள்ள போகலை, நாம பயப்படுறதை விட கொஞ்சம் அதிகமாவே அழுத்தம் கேக்கும். ஒரே ஒரு ரேமை மட்டும் வச்சு ஒவ்வொரு ஸ்லாட்டா மாத்திப் பாருங்க, எந்த ரேம் எந்த ஸ்லாட் கெட்டதுன்னு தானா பிரிஞ்சு வந்துரும்.

புதுசா டிடிஆர்5ங்குற புது வகை ரேம் போட்ட கம்ப்யூட்டர்னா மொத தடவை பல நிமிஷம் கறுப்புத் திரையாவே இருக்கலாம், ரேமைப் பழக்கிக்கிட்டு இருக்கும், அவசரப்பட்டு ஆஃப் பண்ணாதீங்க. நிறைய போர்டுல சிபியு (புராசஸர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்)னு நாலு குட்டி லைட் இருக்கும், எது எரிஞ்சுக்கிட்டே நிக்குதோ அங்கதான் கோளாறு. சிபியு லைட்டுன்னா போர்டோட மேல் மூலைல 8 முனை ஒயர் ஒண்ணு சொருகியிருக்கான்னு பாருங்க, புதுசா அசெம்பிள் பண்றவங்க அதிகமா மறக்குறது அதைத்தான்.

கடைசியா சீமாஸ் பேட்டரி, மதர்போர்டுல இருக்குற காசு மாதிரி வட்டமான சின்ன பேட்டரி. சிஆர்2032, 3 வோல்ட், முஸ்தஃபா கடைல கூட கிடைக்கும். பிளக்கைப் புடுங்கிட்டு பேட்டரிய எடுத்து அஞ்சு நிமிஷம் விட்டு மாட்டுனா பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னாடி ஓடி கம்ப்யூட்டரை எழுப்புற புரோகிராம், அதோட செட்டிங் எல்லாம் புதுசா வாங்குனப்ப இருந்தபடி ஆயிரும். ஆனா அதுக்கு முன்னாடி, விண்டோஸ்ல டிஸ்க்கைப் பூட்டி வைக்குற பிட்லாக்கர் இருந்தா அதோட ரெக்கவரி கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கான்னு போன்லேயே பாத்து எழுதி வச்சுக்கங்க, பயாஸ் மாறுச்சுன்னா அது கீ கேக்கும், கீ இல்லன்னா உள்ள இருக்குற படம் எதுவும் கிடைக்காது.

மூணாவது, லோகோ வருது விண்டோஸ் வரலை. பென் டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாத்தையும் உருவிட்டு மறுபடி போடுங்க. பயாஸுக்குள்ள போய் எஸ்எஸ்டி (விண்டோஸும் படமெல்லாமும் இருக்குற டிஸ்க்) பேர் தெரியுதான்னு பாருங்க, தெரியலைன்னா அதைக் கழட்டி மாட்டுங்க. பேர் தெரியுது ஆனா வரலைன்னா, லோடு ஆகுறப்ப பவர் பட்டனை அமுக்கி ரெண்டு மூணு தடவை அணைச்சா விண்டோஸ் தானா ரிப்பேர் திரைக்குப் போகும், அதுல ஸ்டார்ட்அப் ரிப்பேர் மட்டும் தட்டுங்க. ரீசெட்ல "எல்லாத்தையும் அழி"ங்குற பக்கம் போகவே போகாதீங்க.

இத்தனையும் பாத்தும் வரலைன்னா ரோச்சோர் எம்ஆர்டில எறங்கி கம்ப்யூட்டர் கடைங்க இருக்குற சிம் லிம் ஸ்குவேர் போங்க, தப்பில்ல. ஆனா எஸ்எஸ்டியைக் கழட்டி வீட்டுல வச்சுட்டுப் போங்க, மதர்போர்டு போச்சுன்னு சொன்னா "எதை மாத்திப் பாத்து அப்படிச் சொல்றீங்க அண்ணே"ன்னு கேளுங்க, வேற நல்ல ரேமும் வேற பவர் சப்ளையும் போட்டுப் பாத்திருந்தா அவங்களே காட்டுவாங்க. கழட்டுன எஸ்எஸ்டியை யுஎஸ்பி பெட்டிக்குள்ள போட்டு லேப்டாப்ல சொருகுனா (பிட்லாக்கர் இருந்தா கீ போட்டதும்) படமெல்லாம் தெரியும். பெரியம்மா வீட்டுலயும் அன்னிக்கு ராத்திரியே எல்லாத்தையும் இன்னொரு டிஸ்க்ல காப்பி எடுத்து, அலமாரில புடவைக்கு அடியில வச்சுட்டுத்தான் கிளம்புனேன்.